எழுத்தைக் காணவில்லை

கணினி பழுதுபார்க்கிற தொழிலில் முதல் நாளிலிருந்து இன்றுவரை மாறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா போயிருச்சு." விசைப்பலகையில் டீயைக் கொட்டியவரும் அதைத்தான் சொல்வார். மின்விசிறிக்குள் பல்லியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியவரும் அதைத்தான் சொல்வார். என்னைப் போல ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு தூரிகையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சமீப காலமாக அந்த வாக்கியம் உண்மையாகிவிட்டது. சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் இருக்கும் என் கடைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் வருகின்றன. ஒரு நாள் காலையில் திரையில் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது: உங்கள் கணினி பழையது, புதிய விண்டோஸ் இதில் ஏறாது, பழையதற்கு இனி நாங்கள் பொறுப்பில்லை. இவர்கள் நிஜமாகவே ஒன்றும் பண்ணவில்லை. நான் அவற்றில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு மறுபடி ஓட விடுகிறேன். சேவை மனப்பான்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுக்க முழுக்கக் கோபத்தில் செய்கிறேன்.

ஆதரவு

கோபம் அந்த அறிவிப்பில் இருக்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. சாரத்தைத் தமிழில் சொன்னால் "இந்தக் கணினி ஆதரிக்கப்படவில்லை" என்று வரும். நான் தமிழ் முதுகலை படித்தவன். அதைப் படித்ததால்தான் கணினி பழுதுபார்க்கிறேன் என்பது வேறு கதை. தமிழில் ஆதரவு என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளையை ஆதரிப்பார்கள். தேர்தலில் நிற்பவரை ஆதரிப்பார்கள். மேசை ஓரத்தில் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும் பெட்டியை எந்தக் கம்பெனிக்காரன் எந்தக் காலத்தில் மடியில் போட்டுக்கொண்டு ஆதரித்தான், இப்போது கைவிட?

மாரிச்செல்வி என்கிற பெண் இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியோடு வந்திருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாராம். மடிக்கணினியில் எந்தக் குறையும் இல்லை, அறிவிப்பைத் தவிர. அந்த அறிவிப்பின் சொற்குற்றம், பொருட்குற்றம் இரண்டையும் நான் கால் மணி நேரம் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சதும் எங்க வீட்லயும் எனக்கு இதத்தான் சார் சொன்னாவ, இனிமே சப்போர்ட்டெல்லாம் அங்கனதான்னு."

எழுத்து மட்டும்

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் மனு எழுதுபவர் செல்லத்துரை அண்ணாச்சி. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு எல்லாவற்றுக்கும் அவர்தான். முதலில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தார். அதன் பிறகு கணினி வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே பாகங்கள் ஒவ்வொன்றாக மாறி, இப்போது வெளிப்பெட்டி மட்டும்தான் பழையது. ஒரு செவ்வாய்க்கிழமை அதை மொபெட்டின் முன்னால் நிறுத்தி, துண்டால் கட்டி, கொண்டுவந்து இறக்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறிவிப்பு எழும்பி நின்று மனுதாரர்களைப் பயமுறுத்துகிறதாம்.

அவருக்கு அவசரம் இருந்தது. அந்த வருடம் குருவிகுளம் வட்டாரத்தில் மழை இல்லை. மானாவாரியில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் பூவிலேயே கருகிவிட்டன. நாற்பத்தாறு விவசாயிகள் சேர்ந்து நிவாரணம் கேட்டு ஒரே மனுவாக, அடுத்த திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்றோடு நிவாரண மனு வாங்குவது முடிகிறது. பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், விதைத்த பயிர் என்று ஒவ்வொருவரும் வரவர மூன்று வாரமாக அடித்துச் சேர்த்த பட்டியல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. "ஒரு வரி போகாது அண்ணாச்சி, அத்தனையையும் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைப்பேன்" என்றேன். அவர் மொபெட்டைக் கிளப்பிவிட்டு, கிளம்பாமல், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மத்தது எப்பிடியும் போட்டும் தம்பி, எழுத்து மட்டும் மாறாம பாத்துக்கிடுங்க."

ராக்கெட்

அதே வாரத்தில் விதைக் கடை முதலாளி ஒருவரும் வந்தார். அவருடைய கணினியும் ஆதரவு இழந்ததுதான். லினக்ஸ் இலவசம் என்று சொன்ன நிமிடமே முகம் சுருங்கிவிட்டது. இலவசமாக ஒருவன் ஒன்றைக் கொடுக்கிறான் என்றால் அதில் முளைப்புத்திறன் இருக்காது என்பது அவர் தொழில் அனுபவம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றேன். "பல்லாயிரம் பேரா? அப்ப யாருக்கும் பொறுப்பு இல்லைன்னு சொல்லுங்க" என்றார். பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பில்லை என்று அறிவித்தவனிடம் அவருக்குக் கோபமே இல்லை.

எனக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு. குரலைத் தாழ்த்தி, "வெளியில் சொல்லாதீர்கள், ராக்கெட் விடுகிற இடத்தில்கூட இதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றேன். மயங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணினியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். "நமக்கு எதுக்கு சார் ராக்கெட்டு, உளுந்து வித்தாப் போதும்."

பார்க்காமல் அடிப்பவர்

புதன்கிழமை மதியம் அண்ணாச்சியின் கணினியைத் தயார் செய்து கொட்டகையிலேயே கொண்டுபோய் வைத்தேன். புது இயங்குதளம், புது வட்டு, பழைய கோப்புகள் அத்தனையும் வருடவாரியாக அடுக்கியது. முந்திக்கு இப்போது இரண்டு மடங்கு வேகம். பெருமையோடு திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் முடிந்து மோர் சாதத்துக்கு வருவதற்குள் மொபெட் சத்தம் கேட்டது.

செல்லத்துரை அண்ணாச்சி அடிக்கும்போது திரையைப் பார்க்க மாட்டார். எதிரே உட்கார்ந்து குறை சொல்பவரின் முகத்தையே பார்ப்பார். முகத்தைப் பார்த்தால்தான் எங்கே பொய் சொல்கிறார்கள் என்று தெரியுமாம். விரல் தன்பாட்டுக்குப் போகும். அன்றும் ஒரு பக்கம் முழுதும் அப்படியே அடித்து அச்செடுத்திருக்கிறார். அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். "ஐயா" என்று இருக்க வேண்டிய இடத்தில் I, a, h என்று மூன்று ஆங்கில எழுத்துகள் நின்றன. அதற்குக் கீழே இருந்தது எந்த மொழியும் இல்லை. பழைய கோப்புகளும் பட்டியலும் எல்லாமே அப்படித்தான் திறக்கின்றனவாம். சர்வே எண்கள் மட்டும் எண்களாகவே தப்பித்திருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர்ப் பழைய தமிழ்க் கோப்புகளின் ரகசியம் இதுதான்: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே எழுத்துரு என்கிற தமிழ்ச் சட்டை. சட்டையைக் கழற்றினால் வெறும் உளறல். நான் கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்தவன், எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை. இருபது வருடமாக யாரைக் கண்டால் எரிச்சல்படுவேனோ, அவர்களுடைய வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது: "நான் ஒண்ணுமே பண்ணல அண்ணாச்சி." அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "எழுத்து மாறாம பாத்துக்கிடும்னு சொன்னேன்லா வே, எழுத்துன்னா என்னன்னு நெனச்சீரு?"

அரைகுறை

எழுத்து என்றால் எழுதப்பட்டவை என்று நினைத்தேன். அவர் எழுத்து என்று சொன்னது எழுத்துருவை. இலக்கணத்தின் முதல் அதிகாரமே எழுத்ததிகாரம்தான். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். மனு எழுதுபவர் சரியான பொருளில் சொன்ன ஒரு சொல்லை முதுகலைக்காரன் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

பழைய வட்டிலிருந்து மீட்க முடியாதா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். முடியும், நான் அதை அரைகுறையாக அழித்திருந்தால். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. புது வட்டுக்கு மாறியவர்களின் பழைய வட்டில் அந்தரங்கம் எதுவும் மிஞ்சக்கூடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை துடைத்து எடுப்பது என் வழக்கம். எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சரி, எழுத்துருவை மறுபடி வாங்கிவிடலாமே? அது கோவில்பட்டியில் ஒருவர் தானே வரைந்து ஃப்ளாப்பி நெகிழ்வட்டில் விற்றது. குட்டையாக, தலை பெருத்து, காலைப் பரப்பி நிற்கிற எழுத்து. அலுவலகத்தில் கட்டு பிரிக்கும்போதே இது செல்லத்துரை மனு என்று தெரிந்துவிடும். வியாழக்கிழமை கோவில்பட்டிக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்பேசி உறை விற்கிறார்கள். வரைந்தவர் எங்கே போனார் என்று தெரு முழுக்கக் கேட்டும் தெரியவில்லை. அச்செடுத்த நகல்களையாவது வைத்திருக்கிறீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "நகலு எதுக்கு, அதான் கம்ப்யூட்டர்லயே இருக்குல்லா?"

ஆயுள் முடிவு

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியின் மருமகன் பெங்களூரிலிருந்து காணொளியில் வந்தார். மென்பொருள் வேலை. முகத்தைவிடக் காதில் மாட்டியிருந்த கருவி பெரியதாக இருந்தது. கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, அந்த மெஷின் எண்ட் ஆஃப் லைஃப் ஆயிடுச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க, நான் ஆர்டர் பண்றேன்" என்றார். எழுத்துருதான் போயிருக்கிறது, புதுக் கணினியிலும் இதே உளறல்தான் வரும் என்று நான் குறுக்கே சொன்னதை அந்தக் கருவி உள்ளே விடவில்லை.

எனக்கு அந்தத் தொடரின் மேல் தனியாக ஒரு வெறுப்பு உண்டு. எண்ட் ஆஃப் லைஃப். ஆயுள் முடிந்துவிட்டதாம். மூச்சு நிற்கவில்லை, விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் ஆயுள் முடிந்த தேதியை எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவன் குறித்துவிட்டான். இதை நான் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணாச்சி என்னைக் கையமர்த்திவிட்டு செல்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "எனக்கும் அறுவத்தொண்ணு முடியுது மாப்ள, நமக்கு எந்தத் தேதின்னு போட்டிருந்தா பாத்துச் சொல்லுங்க, முன்னக்கூட்டியே ஒரு மனுவ அடிச்சு வச்சிருதேன்."

மனை பொய்த்தது

பழைய எழுத்துரு உளறலைத் தற்காலத் தமிழாக மாற்றிக் கொடுக்கிற நிரல்கள் இணையத்தில் இருக்கின்றன. எந்தெந்த விசையில் எந்தெந்த எழுத்து என்கிற பொது அட்டவணையை வைத்து மாற்றுகின்றன. சனிக்கிழமை காலையில் பட்டியலையும் மனுவையும் அதில் போட்டு மாற்றினேன். தமிழ் வந்தது. துள்ளிக் குதித்து அச்செடுத்து, மனுக்காரர்களின் சார்பில் வந்து காத்திருந்த முருகையாவிடம் கொடுத்தேன். முருகையா குருவிகுளத்துக்கு வடக்கே மூன்று ஏக்கர் மானாவாரிக்காரர். ஊர் சார்பாக எதைப் படிக்க வேண்டியிருந்தாலும் அவர்தான் படிப்பார். உரக்கத்தான் படிப்பார்.

"மாழாவாரி நிலத்தில் இந்த ஆண்டு மனை பொய்த்துவிட்டதால்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கோவில்பட்டிக்காரர் தன் வசதிக்கு ழகரத்தையும் னகரத்தையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். மழை பொய்த்தது மனை பொய்த்ததாகிவிட்டது. "பணிவன்புடன்" இருந்த இடத்தில் "பணிவழ்புடழ்". அந்த இரண்டோடு நின்றிருந்தால் நானே சரி செய்திருப்பேன். கு, சு, மு, ரு என்று தனித்தனி உருவம் கொண்ட உகர எழுத்துகளை எல்லாம் அவர் கையில் கிடைத்த இடத்தில் செருகி வைத்திருந்தார். முருகையா தன் பெயரைத் தேடி "நுறுகையா" என்று கண்டுபிடித்தார். சுப்பையாக்கள், குருசாமிகள், முத்துக்கள் யாரும் அவரவராக இல்லை. நாற்பத்தாறு பேரையும் மறுபடி கூப்பிட்டு அடிக்கலாம் என்றால், பயிர் போனதும் பாதிப் பேர் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். ரேஷன் அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் நிவாரணம் கிடையாது. அந்த மூன்று வாரப் பட்டியல்தான் அவர்கள் எல்லோருடைய ஒரே ஆதாரம்.

முருகையா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. மறுபடியும் முதல் வரிக்குப் போனார், விரலை வைத்துப் படித்தார். "எனக்குத்தான் மனையே கெடையாதே சார், அது எப்பிடிப் பொய்க்கும்?"

விரலுக்குத் தெரியும்

அப்போதுதான் உறைத்தது. அந்த எழுத்துருவின் ஒரு பிரதி அழியாமல் இருக்கிறது. செல்லத்துரை அண்ணாச்சியின் பத்து விரலில் இருக்கிறது. எந்த விசை எந்த எழுத்து என்று அவர் சொன்னால் போதும், புது அட்டவணை எழுதி, இருபது வருடத்தையும் மாற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கடைக்கு வரவழைத்து, விசைப்பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, நோட்டைத் திறந்துகொண்டு, "அண்ணாச்சி, ரு எந்த விசை?" என்றேன்.

அவர் விசைப்பலகையைப் பார்த்தார். அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். "எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். சரி, அடித்தாவது காட்டுங்கள் என்றேன். இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. முருகையா பக்கத்தில் நின்று "ரு, ரு" என்று எடுத்துக் கொடுத்தார், திக்குவாய்க்கு உதவுகிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. இந்த எழுத்தில் அடித்துப் பழகும்போது தெரிந்ததெல்லாம் தலையிலிருந்து இறங்கி விரலுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, திரும்பி மேலே வர வழியில்லை.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனியை, கோவில்பட்டியை, என்னை என்று வரிசையாகத் திட்டினேன். டக் டக் என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. "நிப்பாட்டாதீங்க வே. தனி எழுத்தா கேட்டா வராது, எதுக்க ஒருத்தன் உக்காந்து கொறையச் சொன்னாத்தான் எனக்குக் கை வரும்."

கோரிக்கை

ஆக, எல்லா எழுத்தும் வருகிற மாதிரி நான் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். குறைக்கா பஞ்சம்? நான் சொல்வது எனக்குத் தெரியும், அவர் அடிப்பது திரையில் உளறலாக விழும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அட்டவணை. முருகையா நோட்டில் வாங்கிக்கொண்டார். நான் ஆரம்பித்தேன். மாரிச்செல்வியின் மடிக்கணினியில் ஆரம்பித்தேன். ஓடுகிற பெட்டியைக் குப்பை என்று அறிவிக்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். வாங்கியபோது "என்றென்றும்" என்றவன் இப்போது "ஆதரவில்லை" என்கிறான், இரண்டில் எது பொய் என்று கேட்டேன். ஊருக்கு ஊர் ஒருவன் உட்கார்ந்து அவன் போட்ட குப்பையைக் கிளற வேண்டியிருக்கிறது என்றேன். மழைகூடக் குருவிகுளத்துக்கு ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனால் மழை அதற்கு அறிவிப்பு ஒட்டிக் கேலி செய்யவில்லை என்றேன். முருகையா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்.

அண்ணாச்சி சளைக்கவில்லை. நான் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் "பொருள் என்ன போடட்டும்?", "பார்வை ஏதும் உண்டா?" என்று தொழில் முறைப்படி கேட்டார். ஔகாரம் வேண்டும் என்பதற்காக "இந்நோய்க்கு ஔடதம் இல்லை" என்று ஒரு வாக்கியத்தைத் திணித்தேன். அதை "அவுடதம்" என்று அடித்துவிட்டு, இருபது வருட மனுவில் அந்த எழுத்து தேவைப்பட்டதே இல்லை, இனிமேலும் படாது என்றார். விவாதிக்கிற நிலைமையில் நான் இல்லை.

எங்கள் தெரு விசைத்தறிகள் ஓடாத ஞாயிறு என்பதால் என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு நான்கு பக்கம் ஆகியிருந்தது. உகர எழுத்துகள் அத்தனையும் வந்துவிட்டன, ஒன்று பாக்கியில்லை. போதும் என்றேன். அண்ணாச்சி கையை எடுக்கவில்லை. "சொல்லுங்க, கோரிக்கை என்ன?" என்றார். என்ன கோரிக்கை, எழுத்துதான் வந்துவிட்டதே என்றேன். கம்பெனிக்காரன் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன். நான்கு பக்கம் கத்தியவனுக்கு அவனிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. இருபது வருடமாகத் திட்டுகிறேன், ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. அண்ணாச்சி விரல்களைச் சொடுக்கிவிட்டு எழுந்தார். "கோரிக்கை இல்லாட்டி அதுக்குப் பேரு மனு இல்ல தம்பி, வசவு."

தம்பி திரும்பி வந்திருந்தது.

கையெழுத்து

அன்று சாயங்காலத்துக்குள் அட்டவணையை நிரலாக்கி எல்லாக் கோப்புகளையும் மாற்றினேன். மழை மழையாகப் பொய்த்தது. முருகையா ஊரில் மிச்சமிருந்தவர்களின் பெயர்களை அவர்களுடைய ரேஷன் அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். தப்பு இரண்டு இருந்தது, இரண்டும் ரேஷன் அட்டையில். விசைப்பலகையையும் கோவில்பட்டிக்காரரின் வைப்பு முறைப்படியே அமைத்துக் கொடுத்தேன். லினக்ஸில் அதற்கு ஒரு கோப்பைத் திருத்தினால் போதும், எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அண்ணாச்சியின் விரல் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தென்காசிக்குப் போய், மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கி வந்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை. விரலுக்கு எழுத்தின் இடம் தெரியும், வடிவம் தெரியாது. இப்போது அந்தக் கணினியில் வருவது எல்லோருக்கும் வருகிற மெலிந்த, ஒழுங்கான எழுத்து. அந்த வெள்ளிக்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர் கட்டைப் புரட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, இந்த வாரம் உங்க மனு ஒண்ணுகூட வரலியே?" என்றாராம். கட்டில் மேலே இருந்த பத்தும் அவர் எழுதியவைதான். இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி என் மேசையில் நான்கு பக்கத்தைக் குத்தி வைத்தார். நான் கத்தியது எல்லாம் பொருள், பார்வையோடு அச்சாகியிருந்தது. கடைசியில் அவரே ஒரு பத்தி சேர்த்திருந்தார்: "எனவே சமூகம் ஐயா அவர்கள் எங்களை ஆதரிக்காவிட்டாலும், ஓடிக்கொண்டிருப்பதை ஓடவிட்டு உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒற்றுப்பிழை ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு தடவை படித்தேன். ஔடதத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "இப்படிக்கு" என்பதற்குக் கீழே இடம் விட்டிருந்தது. அண்ணாச்சி பேனாவைத் திறந்து நீட்டினார். "கையெழுத்தையாவது உம்ம எழுத்துல போடும் தம்பி, எம் எழுத்துதான், யாரும் ஒண்ணுமே பண்ணாம, அதுவா போயிருச்சே."

இருபது வருடமாக அந்த வாக்கியத்தைச் சொன்ன அத்தனை பேரையும் பொய்யர்கள் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்; எண்ணிப் பார்த்தால், அவர்களில் ஒருவர்கூட அகர முதல் னகர இறுவாய் எழுத்து மொத்தத்தையும் மூன்று தடவை துடைத்தெடுத்துவிட்டு அதைச் சொல்லவில்லை.